தண்ணீருக்கும் ஓர் எல்லை உண்டு

 

அடுப்பில் பால் வைக்கிறோம். சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரிவதில்லை. கொஞ்சம் கண்ணைத் திருப்புகிறோம். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடுகிறது.

ஏரியைப் பாருங்கள். மழை பெய்யப் பெய்ய நீர் ஏறும். ஆனால் வெளியே வராது. கோடி மட்டத்தைத் தொட்டதும், அடுத்து வரும் நீர் வெளியே பாயும்.

இயற்கையில் பல காரியங்கள் இப்படித்தான். ஓர் அளவு வரை மாற்றம் தெரியாது. அந்த அளவைத் தாண்டினால் நிலைமையே மாறிவிடும். அந்த அளவை எல்லை என்று சொல்லுவோம். நம் உடம்புக்கும் இப்படிப் பல எல்லைகள் உண்டு. இன்று அவற்றில் ஒன்றைப் பற்றிப் பேசுவோம். அது நாம் குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது.

எங்கள் மையத்தில் ஓர் அக்கா படித்தார். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம். கட்டிட வேலைக்காகப் பெங்களூர் வந்தவர். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். அவருடைய பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. "எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் கண்ணு. பல்லு விளக்காம இல்ல" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அது அழுக்கு அல்ல. புளோரைடு செய்த வேலை.

புளோரைடு என்பது என்ன? சில பாறைகளில் இருக்கும் ஒரு வகை உப்பு. போர்வெல் தண்ணீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி நிற்கிறது. அப்போது இந்த உப்பு அதில் கரைகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களில் பல ஊர்த் தண்ணீரில் இது அதிகம்.

புளோரைடு கெட்டதா? கொஞ்சமாக இருந்தால் நல்லது. பல் சொத்தையாகாமல் காக்கும். அளவு கூடினால்தான் கெடுதல்.

எவ்வளவு கூடினால்? ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். இது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையும் 1.5தான். 1.5 என்றால் ஒன்றரை. 1 மில்லிகிராம் என்பது மிகச் சிறியது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு!

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? முதலில் குழந்தைகளின் பல்லில் தெரியும். ஏறத்தாழ எட்டு வயது வரை, நிலைத்த பற்கள் தாடைக்குள் உருவாகின்றன. அந்த வயதில் குடித்த தண்ணீர் பல்லில் கறையாகப் பதிகிறது. பிறகு எவ்வளவு விளக்கினாலும் போகாது. 3க்கு மேல் உள்ள தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பில் சேரும். மூட்டு வலிக்கும். கழுத்தும் முதுகும் விறைக்கும். 10க்கு மேல் போனால் ஆளையே முடக்கிவிடும். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைக் கண்டு 1937லேயே மருத்துவர்கள் எழுதினார்கள்.

பால் பொங்குவதைக் கண் பார்க்கும். இந்த எல்லையைக் கண்ணும் பார்க்காது, நாக்கும் அறியாது. எண் மட்டும்தான் சொல்லும்.

அந்த அக்கா குடியிருந்தது பெங்களூரின் ஓரத்தில். அங்கே போர்வெல் தண்ணீர்தான். "நான் காய்ச்சித்தான் குடுக்கறேன் கண்ணு" என்றார். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு போகுமா? தண்ணீர்தான் ஆவியாகும். கரிப்பு இன்னும் கூடும். புளோரைடும் அப்படித்தான்.

அந்தத் தண்ணீரை முன்பே யாரோ சோதித்திருந்தார்கள். சீட்டு வீட்டுக்காரரிடம் பல மாதமாகக் கிடந்தது. அக்கா அதை வாங்கி வந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "புளோரைடு... 2.1." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஒன்றரைதானே எல்லை? எம் பையனுக்கு அஞ்சு வயசு."

அன்று முதல் குடிக்கவும் சமைக்கவும் காசு போட்டுப் பிடிக்கும் சுத்திகரித்த தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் போர்வெல் தண்ணீர். அதனால் கெடுதல் இல்லை. அக்காவின் பல் மாறாது. பையனுக்கு இன்னும் காலம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1.5 என்பது சுவர் அல்ல. எல்லோருக்கும் ஒன்றுபோல் இராது. வெயிலில் மண் சுமப்பவர் நாளைக்கு ஐந்தாறு லிட்டர் குடிப்பார். நிழலில் இருப்பவர் இரண்டு லிட்டர் குடிப்பார். தண்ணீர் ஒன்றுதான். உடம்பில் சேர்வது வேறு.

எல்லாப் பொருளுக்கும் இப்படி எல்லை உண்டா? இல்லை. காரீயத்துக்கு இல்லை. பழைய பேட்டரி உடைக்கும் இடத்தில் அதன் தூசி பறக்கும். குழந்தைக்கு இவ்வளவு காரீயம் பரவாயில்லை என்று சொல்லும் அளவே கிடையாது. கொஞ்சமும் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் போர்வெல் தண்ணீர் பிடியுங்கள். அரசு ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். புளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். சீட்டைக் கையில் வாங்குங்கள்.

மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு. சுத்தமாகச் சேர்த்து வையுங்கள்.

கேழ்வரகுக் களி, பால், முருங்கைக் கீரை, நெல்லிக்காய் சாப்பிடுங்கள். இவை எலும்புக்குப் பலம்.

ஊர் சேர்ந்து நல்ல தண்ணீர் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தருவதற்கான திட்டம் அது. பெங்களூரின் ஓரத்துக் கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024இல் தொடங்கியது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவு எவ்வளவு என்பது சீட்டில் எழுதியிருக்கிறது. இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். கேட்டு வாங்கிப் படிப்போம்.