செகோவியாவில் மூன்று மணி நேரம்



மாட்ரிட்டிலிருந்து வல்லாடோலிட் போகும் வழியில் செகோவியாவில் இறங்கினேன். 28 கிலோமீட்டர் மலைச் சுரங்கத்தைத் தாண்டி அரை மணியில் கொண்டுவந்து விட்டுவிட்டது அதிவேக ரயில். அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தடியிலேயே நின்றுவிட்டேன்.

சுமார் 28 மீட்டர் உயரம். கருங்கல்லுக்கு நடுவே சாந்து ஒரு பொட்டுகூடக் கிடையாது! வளைவில் கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெருக்கியே நிற்கின்றன. சிவில் தம்பிகளே, தேர்வுக்கு நாம் உருப்போட்டோமே வளைவுப் பாடம், அது இதுதான்.

ஏறத்தாழ 1,900 ஆண்டு தாங்கிய கல்லை நம் காலத்து வண்டிப் புகையும் அதிர்வும் பாழாக்கவே, 1992-இல் அடியில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். உச்சியில் வெண்கல எழுத்து பதித்திருந்த துளைகள்தான் மிச்சம். கட்டிய பொறியாளர் பேர் யாருக்கும் தெரியாது.