திறந்தவெளி யாருக்குத் திறக்கும்?



2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். விடிவதற்குள், மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து, வீடுகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்த 17 அருந்ததியர்களைக் கொன்றது. மழை செய்த கொலை என்று நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தீண்டாமைச் சுவர் என்றோம். அந்த 17 பேரின் நினைவில் நின்று இன்று இன்னொன்றையும் கேட்கிறோம். ஆபத்தை உணர்ந்து அந்த இரவில் எழுந்திருந்தாலும், அவர்கள் எங்கே போயிருக்க முடியும்?

பூங்காவும் மைதானமும் பேரிடரில் மக்கள் ஒன்றுகூடும் இடம் என்கிறார்கள். சரிதான். நிலம் அதிர்ந்தால் கட்டடத்தை விட்டு விலகி நிற்க வெட்டவெளி வேண்டும். 1900 பிப்ரவரி 8 அன்று கோவை வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கம் வெறும் கதையல்ல. வெள்ளம் வந்தால், மேடான மைதானத்தில் கூடாரம் போடலாம், சோறு பொங்கலாம்.

ஆனால் அந்த வெளி எங்கே இருக்கிறது? ரேஸ்கோர்ஸில் இருக்கிறது; வ.உ.சி. மைதானத்தில் இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக விட வேண்டும் என்பது விதி. நாம் 'ரிசர்வ் சைட்' என்கிறோமே, அதுதான். லேஅவுட்டுக்கு உள்ள அந்த விதி, ஓடையோரத்திலும் சுவரோரத்திலும் நெருக்கியடித்துக் கிடக்கும் நம் காலனிக்கு எட்டவில்லை. பஞ்சமி நிலமே கைமாறிப்போன நாட்டில் காலனிக்குப் பூங்கா விட யார் நினைத்தார்கள்?

இடம் இருந்தால் மட்டும் போதாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்டத்து முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோவின் உவெனோ பூங்கா லட்சக்கணக்கானோருக்கு அடைக்கலம் தந்தது. அதே நாட்களில்தான் அந்நகரத் தெருக்களில் கொரியர்கள் வேட்டையாடிக் கொல்லப்பட்டார்கள். பேரிடர் சாதியை அழிப்பதில்லை, இனவெறியையும் அழிப்பதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு காலனிக்கும் நடந்துபோகும் தூரத்தில், மேடான, மரமுள்ள பொது வெளி வேண்டும். அங்கே குடிநீர், கழிப்பறை, விளக்கு வேண்டும். பேரிடர்த் திட்டத்தில் அதன் பெயர் இருக்க வேண்டும். கேட்டின் சாவி ஊர்ப் பெரியவர் இடுப்பில் இருக்கக் கூடாது. காலனிப் பெண்கள் குழுவிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

உங்கள் பகுதி ரிசர்வ் சைட் எங்கே, இப்போது யார் கையில் இருக்கிறது? மாணவர்களே, அடுத்த மழைக்கு முன் கணக்கெடுங்கள். பட்டியலோடு ஆட்சியர் அலுவலகம் போவோம்.

ஜெய்பீம்.