யவனர் வாயில் மதுரை. தமிழர் வாயில் இலத்தீன்

(மதுரை செல்லூரில் தமிழன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வையையின் வடகரையில், தறித்தொழிலுக்குப் பெயர்பெற்ற இச் செல்லூரில், கிரேக்கரையும் உரோமரையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. விடையும் மதுரையிலேயே உள்ளது. இந்நகரின் பெயரை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தங்கள் நூல்களில் எழுதி வைத்தவர்கள் அவர்கள். அவர்களின் பெயரைத் தங்கள் பாட்டில் வைத்தவர்கள் சங்கப் புலவர்கள். அயலார் பெயரையும் பொருளையும் ஒரு மொழி எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதற்கு இவ்விரு சாராரும் சான்றாவர்.

முதலில் கிரேக்கரின் பழங்கதை ஒன்று. விண்ணரசனாகிய சேயுசுக்கு மண்ணுலக மங்கை ஒருத்தியிடம் பிறந்தவன் எராக்கிளீசு. அரிமாவைக் கொன்று அதன் தோலைப் போர்த்தியவன். பன்னிரு அருஞ்செயல்களை முடித்தவன். கி.மு. 300-ஐ ஒட்டிப் பாடலிபுரத்தில் சந்திரகுத்தனின் அவைக்குத் தூதராக வந்த மெகசுதனீசு என்னும் கிரேக்கர், இந்த எராக்கிளீசுக்குப் பாண்டையா என்றொரு மகள் இருந்ததாகவும், அவளுக்கு அவன் ஒரு நாட்டையே அளித்ததாகவும், கடலில் கண்ட முத்தினை அவளுக்கு அணியாகச் சேர்த்ததாகவும் எழுதினார். அவர் நூல் மறைந்தது; அதனைப் படித்த அரியன் என்பவரின் நூலில் இச்செய்தி எஞ்சியுள்ளது.

பாண்டையா, முத்து, பெண்ணரசு என்னும் மூன்றும் சேர்ந்த அளவில், மதுரைக்காரர் உள்ளம் மீனாட்சியை நினைப்பது இயல்பே. ஆயினும் கதை வேறு, வரலாறு வேறு. வடக்கே தாம் கேட்டதொரு செய்திக்கு மெகசுதனீசு தம் நாட்டு வீரனின் பெயரைச் சூட்டினார் என்பதே இதிலிருந்து உறுதியாகக் கொள்ளத்தக்கது. தெற்கே முத்து வளமுடைய பாண்டிய நாடு ஒன்று உண்டு என்னும் புகழ் அன்றே வடபுலம் எட்டியிருந்தது என்பதும் பெறப்படும்.

அடுத்துவந்த உரோமர் கதையோடு நில்லாது கணக்கும் எழுதினர். வெசுவியசு எரிமலை வெடித்த கி.பி. 79-இல் மாண்ட பிளினி, 'இயற்கை வரலாறு' என்னும் தம் இலத்தீன் நூலில், கடற்றுறையினின்று நெடுந்தொலைவில் உள்நாட்டில் அமைந்த 'மொதுரா' என்னும் ஊரில் 'பாண்டியோன்' ஆண்டதாகக் குறித்தார். ஆண்டுதோறும் ஐந்து கோடிச் செசுதர்சுக் காசுக்குக் குறையாமல் இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று அவரே வருந்தினார். கி.பி. 150-ஐ ஒட்டி வாழ்ந்த தாலமியும் பாண்டியனின் அரசிருக்கை மதுரை என்றே எழுதினார்.

முசிறியிலிருந்து சரக்கேற்றிச் சென்ற கப்பலொன்றைக் குறிக்கும் கடன் ஒப்பந்தம், கிரேக்க மொழியில் தாள்புல்லில் எழுதப்பட்டது, இன்றும் வியன்னாவில் உள்ளது. அக்கப்பலின் பெயர் எர்மபொல்லோன். வாணிகத்துக்குரிய எர்மீசு, ஒளிக்குரிய அப்பொல்லோ ஆகிய இரு கடவுளர் பெயரையும் தாங்கித் தமிழ்க் கடலில் மிதந்த கலம் அது. எகிப்தின் செங்கடற்கரையிலோ, கணன், சாதன் என்னும் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. வையை கடலோடு சேரும் பக்கத்து அழகன்குளத்தில் உரோமக் காசுகளும், கப்பல் வரைந்த ஓடும் கிடைத்துள்ளன. போக்கும் வரவும் இருபுறமும் இருந்தன என்க.

இனித் தமிழ்ப் பக்கத்தைக் காண்போர், யவனரை மதுரையிலேயே காணலாம். பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவைவிளக்கு எரிந்ததை நெடுநல்வாடை காட்டும். யவனர் நன்கலத்தில் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட உண்ணுமாறு நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியது புறநானூற்றில் உண்டு. மதுரை மதில்வாயிலை யவன வாள்வீரர் காத்ததைச் சிலம்பு சொல்லும். பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட யவனர் கலங்கள் அகநானூற்றில் உள்ளன.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று. அயோனியர் என்னும் கிரேக்கக் கிளையினரின் பெயர், வடபுல மொழிகளின் வழியே வந்து, யவனர் எனத் தமிழ் வாய்க்கு அமைந்தது. மதுரை அவர்கள் வாயில் மொதுரா ஆயிற்று. பாண்டியன் பாண்டியோன் ஆனான். கிரேக்கத் தொன்மத்தில் ஏதென்சை ஆண்ட பாண்டியோன் என்றொரு மன்னன் ஏற்கெனவே உண்டு; கேட்ட அயற்பெயரைத் தங்களுக்குப் பழகிய பெயரின் வடிவிலேயே அவர்கள் எழுதிக்கொண்டனர். இதைக்கொண்டு ஏதென்சு மன்னன் தமிழன் என்று முழங்குவார் உளராயின், அவர் தமிழுக்கு நலஞ்செய்தவர் ஆகார். ஒலியொப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. உண்மையே தமிழுக்குப் போதிய பெருமை தரும்போது பொய்யின் துணை எதற்கு?

உயிருள்ள மொழி அயற்பெயரைத் தன் நாவுக்கேற்பத் திருத்தியே ஏற்கும். கிரேக்கரும் அதைச் செய்தனர்; தமிழரும் செய்தனர். எவரும் எவரையும் குறைகூறவில்லை.

உரோமரின் நிலையோ இன்னும் எண்ணத்தக்கது. வாளால் கிரேக்க நாட்டை வென்ற உரோமர், கல்வியால் கிரேக்கத்தின் மாணவராயினர். கிரேக்கரின் கடவுட்கதைகள் அனைத்தும் உரோமில் புகுந்தன. ஆயினும் சேயுசு அங்கே யூப்பித்தர் எனப்பட்டான். எரா யூனோ ஆனாள். அதீனா மினெர்வா ஆனாள். போர்க்கடவுள் ஏரீசு மார்சு ஆனான். கடற்கடவுள் பொசைடன் நெப்தூன் ஆனான். கதை கிரேக்கருடையது, பெயர் உரோமருடையது.

அறிவுத்துறையில்தான் அவர்களுக்குப் பெருந்தடை நேர்ந்தது. மெய்யியலை இலத்தீனில் எழுத முடியாது, கிரேக்கமே அதற்குரியது என்னும் எண்ணம் கற்றவரிடையே வேரூன்றியிருந்தது. லுக்ரீசியசு என்னும் பாவலரே தம் தாய்மொழி வறியது என்று வருந்தினார். வருந்தியவர் வாளா இருந்தாரல்லர். அணுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கடன்வாங்காமல், 'பொருள்களின் வித்துகள்', 'முதற்றொடக்கங்கள்' என்னும் பொருள்பட இலத்தீன் சொற்களைக் கொண்டே அணுக்கொள்கை முழுவதையும் பாடி முடித்தார்.

அவர் காலத்தவரான சிசெரோ (கி.மு. 106–43), இலத்தீன் வறியதன்று, கிரேக்கத்தினும் வளமுடையது என்று மறுத்துரைத்தார். உரைத்ததோடு நில்லாமல் சொற்களையும் ஆக்கினார். 'எத்தகையது' என்று வினவும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த கலைச்சொல் ஒன்றுக்கு நேராக, அதே பொருளுள்ள இலத்தீன் வினாவினின்று 'குவாலிதாசு' என்னும் சொல்லைப் படைத்தார். எத்தகையது என்பதனுள் நிற்கும் தகையினின்று தகைமை என்னும் சொல் அமைந்தாற்போன்றது அது. 'வழக்கம்' என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லினின்று, ஒழுக்கவியலைக் குறிக்க 'மொராலிசு' என்னும் சொல்லையும் ஆக்கினார். 'குவாலிட்டி', 'மாரல்' என்று இன்று ஆங்கிலம் பேசுவோர் நாவில் ஊறிய சொற்கள், ஒருநாள் உரோமில் ஒருவர் புதிதாய்ப் புனைந்தவையே! புதுச்சொல் செயற்கையானது, செவிக்கு ஒவ்வாது என்று தமிழாக்கத்தை நகைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிசெரோ எல்லாச் சொல்லையும் மாற்றவில்லை. 'பிலாசபியா' என்பதை அப்படியே விட்டார். ஆயினும் முயலாமல் எதையும் விட்டாரல்லர்.

மதுரைக்கு உரோமிலிருந்தே வந்த சான்றும் உண்டு. உரோமில் பிறந்த இராபர்ட்டு நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்றார்; அவர் உரைநடையில் வடசொற்கள் மிகுந்தன. அவர்க்குப் பின் மதுரை மறைப்பணிக்கு வந்த இத்தாலியரான வீரமாமுனிவரோ (1680–1747), திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். அவரே தேம்பாவணியில் சூசையை 'வளன்' என்றும், யோவானைக் 'கருணையன்' என்றும் பெயரின் பொருளறிந்து தமிழாக்கினார். தம் சமயத்துப் புனிதர் பெயரையே தமிழாக்க ஓர் இத்தாலியர் அஞ்சவில்லை.

இனி இன்றைய மதுரைக்கு வருவோர் காண்பது யாது? 2004 சூலை 24-இல் உயர் வழக்குமன்றத்தின் கிளை இங்கே திறக்கப்பட்டது. அரசமைப்பின் 32, 226-ஆம் உறுப்புகள் ஐவகை ஆணைகளைக் கூறுகின்றன. ஏபியசு கார்ப்பசு, மாண்டமசு, புரொகிபிசன், குவோ வாரண்டோ, செர்சியோராரி என்பன அவை. அனைத்தும் இலத்தீன் வழிவந்த பெயர்கள். காவலர் கொண்டுபோன மகன் எங்கே என்று அறியாத ஒரு தாய், செல்லூரிலிருந்து அம்மன்றத்துக்குச் செல்கிறாள் என்க. 'ஏபியசு கார்ப்பசு' என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? 'ஆட்கொணர்வு' என்றால், ஆளைக் கொண்டுவந்து முன்னிறுத்தச் சொல்கிறார்கள் என்பது அந்நொடியே விளங்கும். அவள் உரிமை அவள் மொழியில் இருக்கிறது. 'மாண்டமசு' என்பது 'ஆணையிடுகிறோம்' எனப் பொருள்படும். அதனைச் 'செயலுறுத்தும் ஆணை' என்பதில் குறைவு யாது? 'குவோ வாரண்டோ' என்பதோ 'எவ்வுரிமையால்' என்னும் வினா. 'தகுதி வினவும் ஆணை' என்றால் கல்லாதவர்க்கும் புரியும்.

இச்சொற்களை இங்கே நட்ட இங்கிலாந்தே இவற்றுட் சிலவற்றைக் களைந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் அங்கே மாண்டமசு, புரொகிபிசன், செர்சியோராரி ஆகிய மூன்றும் எளிய ஆங்கிலப் பெயர்களாக மாற்றப்பட்டன. இலத்தீனின் காவலாக விளங்கிய கத்தோலிக்கத் திருச்சவையும், 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுப்பேரவையின் வழியே, அவ்வம் மக்கள் மொழியில் வழிபடக் கதவு திறந்தது. உரோமே நெகிழ்ந்தபின் வழக்குமன்றம் நெகிழலாகாதா? உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வழங்க வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. அஃது இன்னும் நிறைவேறவில்லை.

பெருமக்களே! இலத்தீனையும் கிரேக்கத்தையும் பகைப்பது தமிழ்ப்பற்றன்று. அவற்றைக் கற்றல் வேண்டும். அவற்றின் கதைகளையும் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். கற்றதைச் சொல்லும்போது தமிழாய்ச் சொல்லுதல் வேண்டும். இவ்வூர் இளைஞர் ஒவ்வொருவரும், வழக்குமன்றத் தாளிலோ பள்ளி நூலிலோ காணும் இலத்தீன் தொடர் ஒன்றின் பொருளை வாரந்தோறும் அறிந்து, அதற்குரிய தமிழைத் தேடி எழுதி, அண்டை வீட்டார்க்குச் சொல்லட்டும். இல்லாத இடத்தில் ஆக்கட்டும். அன்று உரோமில் சிசெரோ செய்த வேலை அது. அதைச் செய்யத் தமிழுக்கு வேரும் உண்டு, வளமும் உண்டு, வேண்டுவது செய்வோரே.