கடலுக்கு அக்கரையில் நான்கு வாரம்



பெர்மாஸ் ஜெயாக்காரர்களுக்குச் சிங்கப்பூர் தூர தேசம் இல்லை. செனிபோங் கரையில் நின்றால் எதிரே தெரிகிறது. விடியுமுன்பே மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு அங்கே வேலைக்கு ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

2022 ஜூலை 14 அன்று கோத்தபாய ராஜபக்ச அங்கேதான் வந்து இறங்கினார். இறங்கும்போது இலங்கை அதிபர். பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். மறுநாள் அது ஏற்கப்பட்டதும் முன்னாள் அதிபர்.

சட்டத்தில் இது பெரிய மாற்றம். பதவியில் இருக்கும் அதிபரை அயல்நாட்டு நீதிமன்றம் தொடாது. பதவி போனபின் அந்தக் காப்பு சுருங்கிவிடும். சிலியின் முன்னாள் அதிபர் பினோசெட் வழக்கில், சித்திரவதைக்கு அது செல்லாது என்று 1999-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஏழு பேரில் ஆறு பேர் சொன்னார்கள்.

கோத்தபாய மீதான போர்க்குற்றச் சாட்டோ அவர் அதிபராவதற்கு முந்தையது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்தபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். யஸ்மின் சூக்கா தலைமையிலான உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசத் திட்டம் என்ற அமைப்பு, சிங்கப்பூரின் தலைமைச் சட்ட அதிகாரியிடம் 63 பக்கப் புகார் கொடுத்தது. போர்க்குற்றம் எங்கே நடந்திருந்தாலும் ஜெனீவா உடன்படிக்கைப்படி சிங்கப்பூரே விசாரிக்கலாம் என்பது அதன் வாதம். கைது நடக்கவில்லை. வருகை அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஆகஸ்ட் 11 அன்று அவர் தாய்லாந்துக்குப் பறந்தார். அவரைக் காப்பாற்றியது பதவிக் காப்பு என்று நான் நினைக்கவில்லை. யாரும் கோப்பை நீதிமன்றம்வரை கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. பதவியைப் பார்க்காமல் விசாரிக்கும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் மலேசியா 2019 மார்ச்சில் சேர்ந்தது, ஏப்ரலிலேயே விலகியது. முப்படைத் தலைவர் என்ற முறையில் மாமன்னரைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியது. நம் ஜொகூர் அரண்மனையும் எதிர்த்தது. இத்தனைக்கும் ஆட்சியாளர்களின் தனிப்பட்ட செயல்களை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் 1993-லேயே நம் அரசியலமைப்பில் வந்துவிட்டது.

கோத்தபாய 2022 செப்டம்பரில் கொழும்பு திரும்பினார். அரசு வீடும் பாதுகாப்பும் கிடைத்தன. 2025 செப்டம்பரில் இலங்கை நாடாளுமன்றம் முன்னாள் அதிபர்களின் வீட்டுச் சலுகையைச் சட்டம் போட்டு ரத்து செய்தது. முள்ளிவாய்க்காலுக்காக அவர்மீது எந்த நாட்டிலும் குற்றவியல் விசாரணை தொடங்கியதாகத் தெரியவில்லை.