பொறியின் எல்லை



மேலைச் சிதம்பரமாம் பேரூருக்கு மேற்றிசையில் வெள்ளியங்கிரி விளங்குகின்றது. அம்மலைக் காட்டு யானையின் பிளிறல் நம் செவிக்கு எட்டும்; அது பேசுவதெல்லாம் எட்டுவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே மனிதச் செவி ஒலியாக ஏற்கும். 1984-இல் கேட்டி பெய்ன் என்னும் அம்மையார், அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் அருகிருந்து, காதில் விழாத ஒரு துடிப்பைக் காற்றில் உணர்ந்தார். கருவியிற் பதிந்து ஆராய, அவ்வெல்லைக்குக் கீழே தாழ்ந்த யானைக்குரல் அது என்பது தெளிந்தது.

இதுகொண்டு, காணாதன யாவும் உள்ளன என்று நாம் முடிவுகட்டலாகாது. நம் பொறிக்கு எட்டாதது இல்லை என்னும் செருக்குப் பொருந்தாது என்பதே இதனாற் பெறப்படும்.

சிவஞானபோதத்தின் பதினோராம் நூற்பா இன்னும் ஆழ்ந்து செல்கின்றது. கண் தானே காண்பதன்று. உயிர் காட்டவே காண்பது. அவ்வுயிரும் இறைவன் உடனின்று காட்டவே அறிவது. ஆதலின், தேர்க்கூட்டத்தில் பின்னின்று திருமேனி காணப்பெறாத அன்பரும், பார்வையிழந்த அன்பரும் இவ்விழாவில் யாதொன்றும் இழந்தவரல்லர். காட்டுவான் அவர்தம் உள்ளத்தும் நிற்கின்றான். அவர்க்கு வழிவிட்டு, கைகொடுத்து அழைத்துவருதல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.