எழுத்து ஆடை, மொழியே உயிர்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

வட்டெழுத்து என்றவுடன் நம் நெஞ்சில் எழுவன பாண்டிய, சேர நாட்டுக் கல்வெட்டுகளே. இன்று யான் பேச எடுத்துக்கொண்டதோ மேலைநாட்டு வட்டெழுத்து. கிரேக்கச் சுவடிகளிலும் இலத்தீனச் சுவடிகளிலும் பயின்ற அவ்வெழுத்தை 'அன்சியல்' என்பர். அதன் வரலாறு தமிழர்க்கு ஓர் எச்சரிக்கையாகும்.

கல்லில் உளிகொண்டு வெட்டுவார்க்கு நேர்கோடு எளிது. நாணற்றாளிலும் பதப்படுத்திய தோலிலும் எழுதுகோல் கொண்டு விரைந்து எழுதுவார்க்கு வளைகோடு எளிது. ஆதலின், நான்கு கோடுகள் கூடி மூலைமூலையாய் நின்ற கிரேக்கச் 'சிக்மா', கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் எழுதுவார் கையில் பிறைபோல் வளைந்தது. 'எப்சிலான்' என்னும் எழுத்தும் முதுகு வளைந்தது. இலத்தீனத்தில் ஏ, டி, இ, எம் ஆகியனவும் அவ்வாறே உருண்டன. கி.பி. 4 முதல் 8 வரையுள்ள நூற்றாண்டுகளில் இவ்வட்டெழுத்தே பொத்தகங்களிற் கோலோச்சிற்று.

அக்காலத்து ஆரவாரத்தையும் கேளுங்கள்! தோலைச் செந்நீலச் சாயத்தில் தோய்த்துப் பொன்னாலும் வெள்ளியாலும் எழுதினர். செரோம் என்னும் துறவி, யோபு நூலின் மொழிபெயர்ப்புக்கு வரைந்த முன்னுரையில் இதனைக் கடிந்து, எளிய ஏடாயினும் பிழையற்ற பாடமே தமக்கு வேண்டும் என்றார். அன்சியல் என்னும் பெயரும் அம்முன்னுரைச் சொல்லினின்றே வந்தது.

சீனாய் மலைத் துறவுமடத்தில் இருந்த 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க விவிலியச் சுவடியின் பெரும்பகுதியை 1933இல் பிரித்தானியர் சோவியத்து அரசிடமிருந்து 1,00,000 பவுன் கொடுத்து வாங்கினர். அத்துணை மதிப்பு வாய்ந்த அவ்வட்டெழுத்து, நூல் எழுதும் வழக்கில் 9ஆம் நூற்றாண்டு முதல் சிற்றெழுத்துக்கு இடந்தந்து விலகிற்று. கிரேக்க மொழி அழிந்ததா? இல்லை! மக்கள் நாவில் வாழ்ந்தது; இன்றும் வாழ்கின்றது.

இனி, கோத்தர் நிலையைக் காண்மின்! 4ஆம் நூற்றாண்டில் உல்பிலா என்னும் சமயத்தலைவர், பெரும்பாலும் கிரேக்க வட்டெழுத்தைத் தழுவிக் கோத்த மொழிக்கு எழுத்து அமைத்தார். விவிலியத்தையும் அம்மொழியிற் பெயர்த்தார். 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதனைச் செந்நீலத் தோலில் வெள்ளியும் பொன்னும் கொண்டு படியெடுத்தனர். 'வெள்ளிச் சுவடி' எனப்படும் அதன் ஏடுகள் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் ஒளிர்கின்றன.

எழுத்து ஒளிர்கின்றது, மொழி எங்கே? இத்தாலியிலும் இசுப்பானியாவிலும் அரசாண்ட கோத்தர், சட்டத்தை இலத்தீனத்தில் எழுதினர். பின்னர் வழிபாட்டையும் அம்மொழிக்கே விட்டனர். முடிவில் வீட்டிலும் தம் மொழியை மறந்தனர். கிரீமியாவில் எஞ்சிய கிளைமொழியும் காலப்போக்கில் மறைந்தது. இன்று கோத்த மொழியைத் தாய்மொழியாய்ப் பேச ஒருவரும் இல்லை. ஆண்ட இனத்தின் மொழிக்கே இக்கதி!

அன்பர்களே! தமிழியும் வட்டெழுத்தும் இன்றைய எழுத்தும் ஒரே தமிழ்த்தாய் வெவ்வேறு காலத்தில் உடுத்த ஆடைகள். ஆடையைப் போற்றுவோம், கல்வெட்டையும் ஓலையையும் காப்போம். ஆயினும் அத்துடன் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்! பள்ளியில் யான் நாள்தோறும் காண்பது என்ன? முத்துக்கோத்தாற்போல் தமிழ் எழுதும் மாணவன், வாய்திறந்தால் ஒரு தொடரில் பாதி பிறமொழி! அவனை நோவதிற் பயனில்லை. அவன் வீட்டில் கேட்பதும் அதுதானே?

ஆகவே, வீடு திரும்பியதும் உங்களை நீங்களே கேளுங்கள்: நம் பிள்ளைக்கு இட்ட பெயர் தமிழா? கடைப் பலகை தமிழா? வழிபாடு தமிழா? மகன் கற்கும் கல்வி தமிழா? இவற்றுக்கு 'ஆம்' என்று சொல்லவியலாதவர், வெள்ளிச் சுவடியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பேழைக்குள் ஒளிரும் மொழியாய் அன்றி, நாவில் வாழும் மொழியாய்த் தமிழை நம் மக்களுக்கு விட்டுச்செல்வோம்!

வெல்க தமிழ்!