பிரம்மாஸ்திரமும் அணுகுண்டும்

(திருச்சிராப்பள்ளிப் பொதுக்கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



"அணுகுண்டு என்ன பிரமாதம்? அது நம்முடைய பிரம்மாஸ்திரந்தானே! வெள்ளைக்காரன் நம் சாஸ்திரத்தைப் படித்துத்தான் அதைச் செய்தான்" என்பதாகக் காலட்சேபக்காரர்கள் சொல்லுகிறார்கள். நாம் கேட்பது ஒன்றுதான். அஸ்திரம் கைவசமிருந்தால், 1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தில் புகுந்தபோது அதை ஏன் விடவில்லை? அரங்கநாதரின் உற்சவ விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, 1371-ல்தானே திரும்பக் கொண்டு வந்தார்கள்? அந்த 48 வருஷமும் மந்திரம் மறந்து போயிற்றா?

அணுகுண்டு எப்படி வந்தது? 1938 கடைசியில் பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான் என்னும் துகளால் தாக்கிப் பார்த்தார்கள். அதில் அணு இரண்டாகப் பிளக்கிறது என்று லீசெ மைட்னர் என்ற பெண்மணியும் அவர் சகோதரி மகன் ஃபிரிஷும் கணக்குப் போட்டு விளக்கினார்கள். ஓர் அணு பிளந்தால் அதிலிருந்து கிளம்பும் நியூட்ரான்கள் அடுத்த அணுக்களைப் பிளக்கும். 1942 டிசம்பர் 2-ல் சிக்காகோவில் ஃபெர்மியின் குழுவினர் இத்தொடர்வினையை நடத்திக் காட்டினார்கள். காங்கோ நாட்டுக் கறுப்புத் தொழிலாளர் வெட்டிய யுரேனியம், சுமார் 200 கோடி டாலர் பணம், லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் உழைப்பு இவ்வளவும் வேண்டியிருந்தது. அப்படியும் சந்தேகம் தீராமல், 1945 ஜூலை 16-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்த்தார்கள். இதில் மந்திரம் எங்கே வந்தது?

"ஓப்பன்ஹைமருக்குக் கீதை ஞாபகம் வந்ததே" என்பார்கள். வந்திருக்கட்டும்! குண்டு வெடித்த பிறகுதானே வந்தது? செய்யும்போது வேண்டியிருந்தது கணக்கல்லவா? அவ்வளவு தூரம் போவானேன்? இதோ பக்கத்துத் திருவானைக்காவில் 1888-ல் பிறந்த சி. வி. ராமன், 1928-ல் ஒளியைப் பற்றிய உண்மையைக் கண்டது பரிசோதனைச் சாலையிலா, யாகசாலையிலா?

தோழர்களே! இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஹிட்லர், ஆரியப் பிறப்பே உயர்ந்த பிறப்பு என்றான். ஐன்ஸ்டீனின் விஞ்ஞானத்தை "யூத விஞ்ஞானம்" என்று அவனுடைய ஆட்கள் தள்ளினார்கள். யூதப் பிறப்பினரான மைட்னர் 1938-ல் உயிர் பிழைக்க ஓடினார். மனைவி யூதப் பெண்ணானதால் ஃபெர்மியும் இத்தாலியை விட்டார். குண்டுக்குக் கொஞ்சம் யுரேனியமே போதும் என்று 1940-ல் இங்கிலாந்தில் கணக்கிட்ட ஃபிரிஷும் பைர்ல்ஸும் அப்படி வந்த அகதிகளே. பிறப்பைப் பார்த்து மனிதனை விரட்டுகிற நாடு, தன் அறிவையே விரட்டுகிறது. பள்ளிக்கூட வாசலில் ஜாதி கேட்ட நம் நாடு, எத்தனை ஆயிரம் வருஷமாக எத்தனை அறிவை விரட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அதற்காக நாம் அணுகுண்டைக் கொண்டாட வரவில்லை. 1945 ஆகஸ்டு 6-ல் ஹிரோஷிமாவிலும் 9-ல் நாகசாகியிலும் போட்ட இரண்டு குண்டுகளால், அவ்வருஷ முடிவுக்குள் சுமார் இரண்டு லட்சம் மக்கள் மாண்டார்கள். குழந்தைகள் செய்த குற்றம் என்ன? குண்டு செய்த தொழிலாளரில் பெரும்பாலோருக்குத் தாம் செய்வது இன்னதென்றே தெரியாது. கேட்கக் கூடாது என்பது உத்தரவு. ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும், "பின் நமக்கு ஏன்?" என்று கேட்டு, ரோட்பிளாட் என்ற அறிஞர் 1944 கடைசியில் வேலையை விட்டு வெளியேறினார். குண்டை ஊர்மீது போடும் முன் யோசியுங்கள் என்று 1945 ஜூலையில் சிலார்டு எழுதிய விண்ணப்பத்தில் சுமார் 70 அறிஞர்கள் கையெழுத்திட்டார்கள். சர்க்கார் கேட்கவில்லை.

ஆதலால், சாஸ்திரம் சொல்லுகிறது என்றாலும், சர்க்கார் சொல்லுகிறது என்றாலும், விஞ்ஞானியே சொல்லுகிறான் என்றாலும், "ஏன்? யாருக்காக?" என்று கேளுங்கள். கேட்கத் துணிவதே பகுத்தறிவு, அதுவே சுயமரியாதை.